நாற்பத்தோராம் படிக்குப் பின் தேநீர்

ரோண்டா கிரீவ் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ரூமை இடிச்சுத் தள்ளுன்னு நாப்பத்தோராம் படியில சொல்றீங்க. அதே ரூமுக்குள்ள போய் வேலையை ஆரம்பின்னு நாப்பத்திரெண்டாம் படியில சொல்றீங்க. எப்படிங்க போறது?" இந்தக் கேள்விக்கு டாஸ்மேனிய மூலநிரல் கட்டுநர் கழகம் பதினேழு நாள் எடுத்துக்கொண்டது. பதில் மட்டும் இன்றுவரை வந்தபாடில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரோண்டா கம்ப்யூட்டர்காரி அல்ல, சிப்பிக்காரி. கார்டர் விரிகுடாவின் ஓரத்தில் அவளும் அவள் அக்கா பெவ்வும் சிப்பிக்குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்திருக்கிறார்கள். அங்கே பொரிகிற குஞ்சுகள்தான் சுற்றுவட்டாரத்திலுள்ள பதினோரு சிப்பிப் பண்ணைகளுக்கும் விதை. தொட்டிகளின் சூட்டையும் காற்றையும் பம்பையும் ஒரு பழைய கம்ப்யூட்டர் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும். அது பாட்டுக்கு அது, சிப்பி பாட்டுக்குச் சிப்பி என்று காலம் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கோ ஒரு பண்ணையில், கடையில் வாங்கிப் போட்ட மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளலாம் என்று தானாகவே முடிவெடுத்தது. அது அலங்காரம் முடித்து வெளியே வருவதற்குள் ஆறு மணி நேரம் பம்ப் நின்று, தொட்டியோடு விதை செத்துப்போனது. உடனே கடல்விதை வாரியம் கூடி ஓர் உத்தரவு போட்டது. இனிமேல் தொட்டி பார்க்கும் கம்ப்யூட்டரின் லினக்ஸ் இயங்குதளத்தை ஒவ்வொரு பண்ணைக்காரரும் மூலநிரலிலிருந்து தன் கையாலேயே துண்டு துண்டாகக் கட்டி எழுப்ப வேண்டும். சாம்பாரில் பல்லி விழுந்துவிட்டது என்பதற்காக, இனி எல்லோரும் துவரை விதைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்று சொன்ன மாதிரி.

ஒழுங்காகக் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வாரியத்துக்குத் தெரியாது. தெரியாத வேலையை வாரியங்கள் எப்போதும் ஒரு கழகத்திடம் கொடுத்துவிடும். கழகத்திடம் ஒரு புத்தகம் இருந்தது. மொத்தம் நூற்றுப்பதினெட்டுப் படி. மூலநிரல் மூட்டையை அவிழ்த்து வைக்கும் ஃபோல்டருக்கு அதில் அறை என்று பெயர். அதைப் பிசகாமல் செய்து, தட்டிய ஒவ்வொரு கட்டளையையும் கம்ப்யூட்டரே எழுதி வைக்கும் பதிவைக் கழகத்துக்கு அனுப்பினால் சான்றிதழ் வரும். சான்றிதழ் வரும்வரை பெரிய பம்பின் விசையில் வாரியத்தின் மஞ்சள் நாடாவும் ஈய முத்திரையும் தொங்கும்.

தாய்ச்சிப்பிகளுக்கு இதெல்லாம் தெரியாது. சின்னத் தொட்டியில் தண்ணீரின் சூடு ஏற ஏற அவை முட்டைக்குத் தயாராகிக்கொண்டிருந்தன. மூன்று வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு நாள் கூட. முட்டை விட்ட சில மணி நேரத்துக்குள் பெரிய தொட்டிக்கு மாற்றி ஓடுகிற தண்ணீர் கொடுக்காவிட்டால் அத்தனையும் நாறிப்போகும். விதை போனால் பதினோரு பண்ணைக்கும் இந்த வருஷம் ஒன்றுமில்லை, அக்காவும் தங்கையும் கொட்டகையைப் பூட்டிவிட்டு வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான். ரோண்டாவுக்கு இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

கழகத்தின் உதவித் தொலைபேசி செவ்வாயும் வியாழனும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை. எடுத்தவர் செயலாளர் க்வெண்டா ஸ்டாட்.

"புத்தகத்தைப் படிச்சீங்களா?"

"படிச்சேங்க. நாப்பத்திரெண்டாம் படியில அப்படி ஒரு ஃபோல்டரே இல்லேன்னு எர்ரர் வருது."

"முழுசாப் படிச்சீங்களா?"

"முழுசா."

"படிக்கறப்போ வேற ஏதாவது வேலை பாத்துக்கிட்டிருந்தீங்களா?"

ரோண்டா பொய் சொல்லத் தெரியாதவள். "சிப்பிக்குத் தண்ணி மாத்தினேன்."

மறுமுனையில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. "அங்கதான் தப்பு நடந்திருக்கு. மறுபடி படிங்க," என்று சொல்லி க்வெண்டா வைத்துவிட்டார்.

மறுபடி படித்தாள், கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து. நாற்பத்தோராம் படி அறையை அழிக்கத்தான் சொன்னது. நாற்பத்திரண்டாம் படி அதற்குள் போகத்தான் சொன்னது. பெவ் வாளியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, ஞானஸ்நானத்துக்குப் பரீட்சையா?"

"போடி அங்க."

வியாழக்கிழமை மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை க்வெண்டா கொஞ்சம் இரக்கம் காட்டினார். "இதப் பாருங்க, புதுசா வர்ற எல்லாரும் பண்ற தப்பு இது. கடைசி வரியைப் பாத்து அதுதான் பிழைன்னு நெனச்சுக்கறாங்க. நெசமான பிழை அதுக்கு மேல இருக்கும். எப்பவும் மேலதான்."

"எவ்வளவு மேலங்க?"

"அது தேடறவங்க பொறுமையைப் பொறுத்தது. எல்லாத்தையும் அச்சடிச்சு எடுத்துக்கிட்டு நேர்ல வாங்க, ஐயந்தீர் குழு பாக்கும்."

மேலே நாற்பதாயிரம் வரி இருந்தது. ஊர் நூலகத்தின் அச்சு இயந்திரம் இரண்டு தடவை சூடேறி நின்றது. ஏழு அட்டைப்பெட்டிகளை பின்பக்கம் திறந்த யூட் வண்டியில் ஏற்றிக்கொண்டு ரோண்டா இரண்டு மணி நேரம் ஓட்டி லான்செஸ்டன் போய்ச் சேர்ந்தாள். கழகம் ஒரு கம்பளக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. லிஃப்ட் இல்லை. ஏழு பெட்டியையும் அவளே ஏற்றினாள்.

குழு என்றால் நீள மேசைக்குப் பின்னால் தலைவர் டாக்டர் லயனல் ப்ரெண்டிஸ், பக்கத்தில் க்வெண்டா, இருபக்கமும் பெயர் சொல்லாத மூன்று நான்கு கம்பளிச் சட்டைகள். ப்ரெண்டிஸ் முன்னாள் பாலப் பொறியாளர். கூட்டம் தொடங்குமுன் எல்லோரும் எழுந்து நின்று புத்தகத்தின் முன்தேவைப் பக்கத்தை ஒரே குரலில் வாசித்தார்கள். ரோண்டாவும் எழுந்து நின்று வாயசைத்தாள். பெட்டிகளை யாரும் திறக்கவில்லை. க்வெண்டா மட்டும் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, "எடை சரியா இருக்கு," என்று குறித்துக்கொண்டார்.

"மிஸஸ் கிரீவ், உங்க மெஷினோட கடிகாரம் சரியான நேரம் காட்டுதா?" என்றார் ப்ரெண்டிஸ்.

"காட்டுது."

"அதை எந்தக் கடிகாரத்தை வெச்சுச் சரிபாத்தீங்க?"

"கைக்கடிகாரத்தை வெச்சு."

"அதை?"

ரோண்டா யோசித்தாள். "ரேடியோவை வெச்சு."

குழுவில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பிறகு வன்வட்டில் இடம் இருந்ததா, கட்டளைகளைக் கையால் தட்டினாளா நகலெடுத்து ஒட்டினாளா, எந்தப் பயனராக நுழைந்தாள், மெஷின் எந்தச் சுவரைப் பார்த்து இருக்கிறது என்று ஒன்றரை மணி நேரம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

"ஐயா, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த நாப்பத்தோராம் படியைக் கொஞ்சம் பாத்தீங்கன்னா..."

"எங்களுக்குப் புத்தகம் மனப்பாடம்," என்றார் ப்ரெண்டிஸ், அன்பாகத்தான். "குழு முடிவுக்கு வந்தாச்சு. முதல் படியிலேருந்து மறுபடி கட்டுங்க."

அந்தப் பழைய மெஷின் நாற்பத்திரண்டுக்கு வந்து சேரவே இரண்டு நாள் ஆகும். விசிறி உறுமிக்கொண்டே இருக்கும், கொட்டகைக்குள் வெயில் இல்லாமலே வேர்க்கும். ரோண்டா கடிகாரத்தைத் திருத்தி, மெஷினை மேற்குச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்து, முதல் படியிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டாம் நாள் மத்தியானம் அதே வரி வந்து நின்றது. அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை.

பெவ் திரையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது சிப்பியும் டீசல் எஞ்சினும்தான்.

"இடிக்காம விட்டா என்னடி?"

"புத்தகத்துல இடிக்கச் சொல்லுதே."

"நாப்பத்திரெண்டு முடிஞ்சப்புறம் இடி."

ரோண்டாவுக்கு எரிச்சலாக இருந்தது, இதைத் தான் யோசிக்காமல் போனதற்கு. மூன்றாவது முறை நாற்பத்தோராம் படியில் அறையை விட்டுவைத்தாள், நாற்பத்திரண்டை முடித்தாள், பிறகு அழித்தாள். அத்தனையும் பதிவில் அப்படியே ஏறியது. நாலாம் நாள் காலை நூற்றுப்பதினெட்டாம் படி முடிந்து மெஷின் எழுந்து உட்கார்ந்தது. சின்னத் தொட்டியின் சூட்டைக் காட்டியது, காற்றைக் காட்டியது, பொம்மைப் பம்பை வைத்துச் சோதித்தபோது சொன்ன நேரத்துக்குச் சொன்ன அளவு ஓட்டியது. பெவ் அவள் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அன்றைக்குத்தான் ரோண்டா வயிறாரச் சாப்பிட்டாள்.

பதிவைக் கழகத்துக்கு அனுப்பிய அன்று சாயங்காலமே மின்னஞ்சல் வந்தது. பதிவு நிராகரிக்கப்படுகிறது. படி 41: விலகல்.

அவள் மறுபடியும் மாடி ஏறினாள். இந்த முறை கையில் எதுவும் இல்லை, கோபம் மட்டும்தான் இருந்தது. "மெஷின் ஓடுதுங்க. வந்து பாருங்க. புத்தகத்துலதான் தப்பு இருக்கு. அந்த ரெண்டு படியையும் இடம் மாத்திப் போட்டா முடிஞ்சுபோச்சு."

ப்ரெண்டிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "புத்தகத்துல பிழைன்னு அறிவிக்கற உரிமை சான்றிதழ் வாங்கினவங்களுக்கு மட்டும்தான் உண்டு, மிஸஸ் கிரீவ்."

"சான்றிதழ் எப்பக் கெடைக்கும்?"

"புத்தகத்தைப் பிசகாமச் செஞ்சா."

"பிசகாமச் செஞ்சா நாப்பத்திரெண்டுல நிக்குதே."

"அப்ப நீங்க இன்னும் சான்றிதழுக்குத் தகுதி அடையலை." அவர் எழுந்து நின்றுகொண்டார். எழுந்து நின்றால் பேச்சு நீளும் என்பது கம்பளிச் சட்டைகளுக்குத் தெரியும், சாய்ந்து உட்கார்ந்தார்கள். "ஓடுதுன்னு சொல்றீங்க. ஓடறது பெரிசில்லீங்க. கடையில வாங்கினதும்தான் ஓடிச்சு. இந்தக் கழகம் எதுக்கு இருக்கு? மெஷின் ஓடணும்னு இல்ல. மெஷினை ஓட வைக்கறது சுலபம், அதுக்கு ஒரு கழகம் தேவையில்ல. நாங்க காப்பாத்தறது முறையை. பதினாலு வருஷத்துல முன்னூத்திப் பன்னெண்டு பேர் இந்தப் புத்தகத்தைப் பிசகாம முடிச்சிருக்காங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர் பிழைன்னு சொன்னதில்ல. சொல்ற உரிமை முன்னூத்திப் பன்னெண்டு பேருக்கும் இருந்தும் சொல்லல. இதைவிடப் பெரிய அத்தாட்சி வேற என்ன வேணும்? அவங்க பதிவெல்லாம் இங்கதான் இருக்கு. போய் உட்கார்ந்து படிச்சுப் பாருங்க. பணிவுன்னா என்னன்னு தெரிஞ்சுக்கலாம்."

ரோண்டா போய் உட்கார்ந்து படித்தாள். பக்கத்து அறையில் தகர அலமாரி நிறையப் பதிவுகள். முதலாவதை எடுத்து நாற்பத்தோராம் படிக்குப் போனாள். அறை அழிக்கப்பட்டது. அடுத்த வரி, தேநீர் இடைவேளை, ஏழு நிமிடம். அடுத்த வரி, நாற்பத்திரண்டாம் படி, வெற்றி.

இரண்டாவதை எடுத்தாள். அழிப்பு, தேநீர் ஏழு நிமிடம், வெற்றி. மூன்றாவதிலும் தேநீர். நூற்றெட்டாவதில் ஒருவர் தேநீரை ஒன்பது நிமிடம் குடித்திருந்தார். டாக்டர் லயனல் ப்ரெண்டிஸின் பதிவு பச்சை அட்டை போட்டுத் தனியாக இருந்தது. அவரும் அங்கேதான் குடித்திருந்தார்.

தேநீர் இடைவேளையில் இருக்கிற தொழிலாளியை எந்த இயந்திரமும் கண்காணிக்கக் கூடாது என்று அந்த நாட்டில் தொழிற்சங்கங்கள் எத்தனையோ காலம் சண்டை போட்டிருக்கின்றன. கழகமும் அதை மதித்து, ஸ்மோகோ என்று அங்கே சொல்லும் தேநீர் நேரத்தில் பதிவை நிறுத்தி வைக்கும் வசதியைப் புத்தகத்திலேயே கொடுத்திருந்தது. அந்த நேரத்தில் எதைத் தட்டினாலும் பதிவில் ஏறாது. மூட்டையை மறுபடி அவிழ்த்து அழித்த அறையைத் திரும்பக் கட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று ரோண்டா கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஏழு நிமிடம்.

க்வெண்டா அலமாரியைப் பூட்ட வந்தார். ரோண்டா அவர் முன்னால் நாலு பதிவுகளை விரித்து வைத்தாள். "முன்னூத்திப் பன்னெண்டு பேருக்கும் ஒரே எடத்துலயா தாகம் எடுத்துது?"

க்வெண்டா பதிவுகளைப் பார்க்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "கடினமான எடம் அது. எல்லாருக்கும் அங்கதான் தாகம் எடுக்கும்."

"ஆரம்பத்துலயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"என்ன சொல்லியிருக்கலாம்?" என்றார் க்வெண்டா. உண்மையிலேயே புரியாத முகம்.

மறுபடி முதலிலிருந்து, நடுவில் தேநீரோடு, கட்டி முடிக்க நாலு நாள் வேண்டும். சிப்பிகளுக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. ரோண்டா அங்கேயே ஒரு தாளை வாங்கி, புத்தகத்தின் நாற்பத்தோராம் படி தப்பு, கழகத்தில் எல்லோருக்கும் அது தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

பிழையை அறிவிக்க அவளுக்கு உரிமை இல்லை. ஆனால் புத்தகத்தின்மேல் பழி போட யாருக்கும் உரிமை உண்டு. பழி போட்டால் ஒன்பதாம் விதிப்படி, பழி சொன்னவரின் கண்முன்னால், வாரிய அதிகாரி ஒருவரைச் சாட்சி வைத்து, தலைவரே அந்தப் படியைச் செய்து காட்டிப் பழியைத் துடைக்க வேண்டும். விதி எழுதியதிலிருந்து அதற்கு வேலை வந்ததே இல்லை. கழகம் பரபரத்துப்போனது. ஒரு மெஷினை நாற்பதாம் படிவரை கட்டிக் கொண்டுவந்து வைத்தார்கள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என்று முடிவானது.

வியாழக்கிழமை மேல்மாடி நிறைந்திருந்தது. சான்றிதழ் வாங்கியவர்களில் அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். வாரியத்திலிருந்து கீத் மாரிஸ்பி வந்திருந்தார், முத்திரையை உடைக்கச் சொல்லும் அதிகாரம் உள்ளவர், தேங்காய்ப்பூ தூவிய லமிங்டன் கேக் தட்டுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துக்கொண்டார். விதிப்படி ரோண்டாவை மெஷினுக்கு ஒரு முழம் தள்ளி உட்காரவைத்தார்கள். முன்தேவைப் பக்கம் வாசிக்கப்பட்டது. ப்ரெண்டிஸ் சட்டைக்கையை மடித்துக்கொண்டு நாற்பத்தோராம் படியைத் தட்டினார். அறை அழிந்தது.

"வழக்கப்படி தேநீர்," என்றார் ப்ரெண்டிஸ். க்வெண்டா பதிவை நிறுத்தினார்.

எழுபது நாற்காலிகள் கிறீச்சிட்டன. எல்லோரும் பக்கத்து அறைக்கு நகர்ந்தார்கள். ப்ரெண்டிஸ் மட்டும் மெஷின் அருகே தயங்கி நின்றார். ரோண்டா எழுந்திருக்கவில்லை.

"மிஸஸ் கிரீவ், டீ ஆறிடும்."

"நான் டீ குடிக்கறதில்ல."

"காப்பி இருக்கு."

"அதுவும் இல்ல."

"சும்மா வெளியில காத்தாட நின்னுட்டு வரலாமே."

"தொட்டியடியில, கடல்லன்னு தெனமும் காத்துலதாங்க நிக்கறேன். இங்க உட்கார எடம் கெடைச்சிருக்கு, உட்கார்ந்துக்கறேன்."

ஏழு நிமிடம் ஆனது. ப்ரெண்டிஸ் ஒரு கோப்பையை வாங்கி மெஷின் பக்கத்திலேயே நின்று குடித்தார். ரோண்டா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடைவேளையை நீட்டிப்பதாக க்வெண்டா அறிவித்தார். இன்னொரு கோப்பை வந்தது. எழுபது பேர் நின்றுகொண்டே ஸ்கோன் ரொட்டி தின்றார்கள், யாரும் யாரையும் பார்க்கவில்லை. பதினொன்றரைக்கு ப்ரெண்டிஸ் நாலாவது கோப்பையில் இருந்தார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். கழிப்பறைக்குப் போய்விட்டு வரலாம், ஆனால் அவர் போன நேரத்தில் பழி சொன்னவள் எழுந்து போய்விட்டால் அந்தப் பொன்னான ஏழு நிமிடம் வீணாகிவிடுமே.

"இது ரொம்பக் கஷ்டமான படியா?" என்று கீத் மாரிஸ்பி ஐந்தாவது லமிங்டனோடு வந்து கேட்டார்.

"ரொம்ப," என்றார் ப்ரெண்டிஸ்.

ரோண்டாவுக்கு மனசுக்குள் ஒரு குதூகலம் கிளம்பத்தான் செய்தது. பதினேழு நாளில் முதல்முறையாக அவர்கள் நிற்கிறார்கள், அவள் உட்கார்ந்திருக்கிறாள். சாயங்காலம்வரை இப்படியே இருந்தால் போதும், எல்லோர் முன்னாலும் அந்த வரி வந்தே தீரும். அப்போதுதான் தொலைபேசி அடித்தது. பெவ்.

"ஏண்டி, தண்ணி பால் மாதிரி ஆயிருச்சு. ஆம்பளைச் சிப்பிங்க ஆரம்பிச்சுட்டாங்க. பொம்பளைங்க ஒரு மணி நேரத்துல முட்டை விட ஆரம்பிச்சுரும்."

"நாளைக்குத்தானே..."

"அதுங்ககிட்டப் போய்ச் சொல்லு. பம்ப் வேணும், இப்ப வேணும். முத்திரையை உடைச்சுரட்டுமா?"

"உடைச்சா பண்ணையையே சாத்திருவாங்க. தொடாத. இரு."

இந்த நாற்காலியில் சாயங்காலம்வரை உட்கார்ந்தால் அவள் சொன்னது உண்மை என்று ஊருக்கே தெரிந்துபோகும். அதன் பிறகு கழகம் துணைக்குழு போடும், துணைக்குழு தேதி வைக்கும், தொட்டியில் அத்தனையும் செத்து மிதக்கும். அவள் எங்கும் பார்க்காமல் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

க்வெண்டா ஒரு தட்டோடு வந்தார். யாரும் அழைக்கவில்லை, எங்கிருந்து எவ்வளவு கேட்டார் என்றும் தெரியவில்லை. தட்டில் ஒரு கோப்பைத் தேநீர், பக்கத்தில் ஒரு சான்றிதழ்த் தாள். தாளில் ரோண்டாவின் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. விலகல் என்ற இடத்தில் 'இல்லை' என்றும் இருந்தது.

"ஒரு வாய் குடிங்க. தொண்டைக்கு நல்லது," என்றார்.

"என் பதிவுல நாப்பத்தோராம் படி விலகல்னு கெடக்குதே."

க்வெண்டா கையிடுக்கிலிருந்து அந்தப் பதிவை எடுத்தார். பையிலிருந்து ஒரு வெள்ளை ஒட்டுத்தாளை எடுத்து விலகல் தெரிந்த மூன்று வரிமேல் பதித்து, அதன்மேல் முத்து முத்தாக எழுதினார். தேநீர் இடைவேளை, ஏழு நிமிடம்.

"நான் குடிக்கலையே."

"இப்பக் குடிப்பீங்கல்ல."

ரோண்டா ப்ரெண்டிஸைப் பார்த்தாள். அவர் முகம் வெளிறி, முழங்கால்கள் ஒட்டி நின்றன. பாவமாகக்கூட இருந்தது. "மொதல்ல கையெழுத்து," என்றாள். அவர் கோப்பையைத் தாளின் ஓரத்தில் வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கீத் மாரிஸ்பி தேங்காய்ப்பூ ஒட்டிய விரலால் வாங்கிப் பார்த்து, முத்திரை வைத்து, அங்கேயே நின்று பெவ்வைக் கூப்பிட்டு நாடாவை அறுக்கச் சொன்னார்.

ரோண்டா கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். பக்கத்து அறை ஜன்னலோரம் போய், முதுகைக் காட்டி நின்றாள். கீழே கம்பளக் கடைக்காரன் ஒரு சுருளை விரித்து யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து விறுவிறுவென்று விசைப்பலகைச் சத்தம் வந்தது. எழுபது பேரும் சத்தமாக வானிலை பேசினார்கள். தேநீர் கசந்தது, சர்க்கரை போட மறந்திருந்தார்கள். ஏழு நிமிடத்தில் அவள் அதைக் குடித்து முடித்தாள்.

நாற்பத்திரண்டாம் படி வெற்றி என்று திரை சொன்னது. கைதட்டல் எழுந்தது. ப்ரெண்டிஸ் கழிப்பறைக்கு ஓடிப் போய், நிதானமாகத் திரும்பி வந்து, பேசினார்.

"புத்தகத்தின்மேல சொன்ன பழி இன்னிக்கு உங்க எல்லார் கண்ணு முன்னாலயும் துடைக்கப்பட்டிருக்கு. பழி சொன்னவங்களே நம்மோட சேர்ந்து தேநீர் குடிச்சாங்க. இதுதான் நம்ம முறையோட பலம். நம்ம புத்தகம் யாரையும் வெளிய தள்ளறதில்ல, எழுந்து வர்ற வரைக்கும் காத்திருக்கு."

ரோண்டாவும் கைதட்டினாள். அவள் தட்டுகிறாளா என்று பக்கத்திலிருந்த கம்பளிச் சட்டை பார்த்துக்கொண்டிருந்தது.

பெவ் தொலைபேசியில் அழுதாள், பம்புக்குப் பக்கத்தில் போனைப் பிடித்து அது ஓடுகிற சத்தத்தைக் கேட்கவைத்தாள். அந்த வருஷம் விதை நன்றாகவே பிடித்தது, பதினோரு பண்ணைக்கும் போய்ச் சேர்ந்தது. கொட்டகைச் சுவரில் சான்றிதழ் தொங்கியது. அதன் கீழே ஓரத்தில் வட்டமாகத் தேநீர்க் கறை.

சான்றிதழ் வாங்கியவர்கள் ஒரு வருஷம் உதவித் தொலைபேசியில் உட்கார வேண்டும் என்பது பதினாலாம் விதி. பேசுவதெல்லாம் பதிவாகும். ரோண்டாவுக்குச் செவ்வாய்க்கிழமை வந்தது. வீட்டிலிருந்தே எடுக்கலாம் என்பதால், தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். உரிமை உள்ளவளாயிற்றே என்று முதல் வாரமே பிழை அறிவிப்புப் படிவத்தை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருந்தாள். அதை நிரப்பினால் உன் சான்றிதழில் விலகல் இல்லை என்று போட்டிருக்கிறதே, பிறகெப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள், பம்பில் மறுபடி நாடா தொங்கும். படிவம் இழுப்பறையிலேயே இருந்தது.

மூன்றாவது செவ்வாய் பத்தரைக்கு ஒருவர் கூப்பிட்டார். ஓவன் டிங்கிள் என்று பெயர் சொன்னார், தெற்கே அபலோன் நத்தை வளர்ப்பவர். மூச்சு வாங்கியது.

"அம்மா, நாப்பத்திரெண்டாம் படியில ஃபோல்டரே இல்லேன்னு வருதுங்க. அதைத்தான் முந்தின படியில அழிக்கச் சொல்லிட்டாங்களே. எனக்கு நாப்பதாயிரம் குஞ்சு இருக்கு, பத்து நாள்ல தொட்டிக்கு மாத்தியாகணும். என்ன பண்றதுன்னு சொல்லுங்க, புண்ணியமாப் போகும்."

ரோண்டா வாயைத் திறந்தாள். இடிக்காம விட்டுருங்க. சொல்வதற்கு மூன்று வினாடிகூட ஆகாது. பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொட்டியில் பம்ப் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. பெவ் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

"புத்தகத்தை முழுசாப் படிச்சீங்களா?" என்றாள் ரோண்டா.

"ரெண்டு தடவை படிச்சேங்க."

"நாப்பத்தோராம் படி முடிஞ்சதும் டீ குடிச்சீங்களா?"

"நான் டீ குடிக்கறதில்லீங்களே," என்றார் ஓவன் டிங்கிள்.

"இனிமே குடிப்பீங்க," என்று சொல்லிவிட்டு, ரோண்டா பெவ்வின் பக்கம் திரும்பாமல் போனை வைத்தாள்.